போக்சோ புகாரில் கவுன்சலர் என்ன செய்வார்?

பிள்ளைக்கு ஏதோ தவறாக நடந்திருக்கிறது என்று சந்தேகம் வந்ததும் பல வீடுகளில் முதலில் நடப்பது விசாரணைதான். அம்மா கேட்பார், பாட்டி கேட்பார், அப்புறம் டீச்சர். "அந்த மாமாதானே தொட்டார்?" என்று பதிலையும் நாமே எடுத்துக் கொடுத்துவிடுவோம். பின்னாளில் நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் "சொல்லிக் கொடுத்த சாட்சி" என்று பிடித்துக்கொள்வது இதைத்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி புகார் கொடுக்க ஆதாரம் தேவையில்லை. நியாயமான சந்தேகம் போதும். நல்லெண்ணத்தில் கொடுத்த புகாருக்காக யாரும் உங்கள் மேல் வழக்குப் போட முடியாது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதைக் குழந்தைகள் நலக் குழுவுக்குத் (பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் மாவட்ட அளவிலான அரசுக் குழு) தெரிவிக்க வேண்டும். என்னென்ன உதவிகள் உண்டு, கவுன்சலிங் எங்கே கிடைக்கும் என்பதைக் குடும்பத்துக்குச் சொல்வதும் போலீஸின் கடமை.

கவுன்சலரின் வேலை துப்பறிவது அல்ல. பெரும்பாலும் தூக்கம், சாப்பாடு, பள்ளிக்கூடம் என்றுதான் பேச்சைத் தொடங்குவார். சின்னப் பிள்ளை என்றால் படம் வரையச் சொல்வதும் உண்டு. பிள்ளை தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்வார், துருவ மாட்டார். வாக்குமூலம் வாங்குவது போலீஸும் மாஜிஸ்திரேட்டும். அதற்கும் முறை இருக்கிறது: போலீஸ் சீருடையில் வரக்கூடாது, பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோதான் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று கவுன்சலர் வாக்குக் கொடுக்க முடியாது. தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருந்தால் அவருக்கும் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைக்கலாம். அதற்காகப் பிள்ளையின் பெயரும் படமும் ஊருக்குப் போய்விடாது. அடையாளத்தை வெளியிடுவது தனிக் குற்றம்.

கவுன்சலரோடு 'ஆதரவு நபர்' ஒருவரையும் கேட்டு வாங்குங்கள். 2020 போக்சோ விதிகளின்படி குழந்தைகள் நலக் குழு, பிள்ளை மற்றும் பெற்றோரின் சம்மதத்தோடு அவரை நியமிக்கும். விசாரணை தொடங்கி வழக்கு முடியும்வரை கூட வருபவர் அவர்தான். வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று அவ்வப்போது சொல்வதும் அவர் பொறுப்பு. என்னைக் கேட்டால், கவுன்சலிங்கைவிடக் குடும்பங்கள் கேட்கத் தவறுவது இதைத்தான்.

சாப்பாடு, பயணம் போன்ற அவசரச் செலவுக்கு உடனடி நிவாரணம் தரவும் அதே குழு பரிந்துரைக்கலாம். பரிந்துரை போன ஒரு வாரத்துக்குள் பணம் வர வேண்டும். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள், கட்டணம் கிடையாது.