கதிர்வீச்சு முடிந்து ஆண்டுகள் கழித்து ஏன் சிறுநீரில் ரத்தம்?

ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் சுரப்பியான புராஸ்டேட்டில் வரும் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும்போதே சிறுநீரில் எரிச்சல் வரும், இரவில் பலமுறை எழ வேண்டியிருக்கும். பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் சிலருக்கு எல்லாம் சரியாகி 5, 10 வருடம் ஆன பிறகு திடீரென்று சிறுநீர் சிவப்பாகப் போகும். எப்போதோ முடிந்த சிகிச்சை இப்போது எப்படித் தொல்லை தரும்?

வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. தங்குவது செல்களின் டி.என்.ஏ.வில் அது உண்டாக்கிய உடைப்பு. அப்படி அடிபட்ட செல் பெரும்பாலும் உடனே சாவதில்லை, அடுத்த முறை பிரிய முயலும்போதுதான் சாகிறது. வேகமாகப் பிரியும் செல்கள் சில நாட்களிலேயே பாதிப்பைக் காட்டிவிடும். ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்களோ மிக மெதுவாகப் பிரிபவை. கணக்கு தாமதமாக வருவது அதனால்தான்.

சிறுநீர்ப்பைச் சுவரில் இருக்கும் நுண் தமனிகளின் உட்புறம் மெல்ல மெல்லத் தடித்து, வழி குறுகுகிறது. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தசைக்குப் பதில் தழும்புத் திசு சேர்கிறது. பை விரிய மறுக்கிறது, கொள்ளளவு சுருங்குகிறது. கொஞ்சம் நிறைந்தாலே அவசரம். இதற்கிடையில் உள்தோலுக்கு அடியில் மெல்லிய சுவரோடு புடைத்த குழாய்கள் உருவாகின்றன. பை நிறைந்து இழுபடும்போது இவை கிழிந்தால் ரத்தம் வருகிறது. கட்டி கட்டியாக உறைந்தால் சிறுநீரே அடைத்துக்கொள்ளும். அது அவசர நிலை.

சிறுநீர்ப்பையை முழுவதும் காப்பாற்ற முடியாதா? கொஞ்சம் முடியும். சிகிச்சைக்கு முன் தண்ணீர் குடித்துப் பையை ஓரளவு நிரப்பி வைக்கச் சொல்வது அதற்குத்தான்: மேல் பகுதி கதிரின் பாதையை விட்டு விலகிவிடும். பையின் கழுத்துப் பகுதி மட்டும் புராஸ்டேட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. சிறுநீர் வெளியேறும் குழாயோ சுரப்பியின் நடுவே போகிறது, அதற்குத் தப்பிக்க வழியே இல்லை. அந்தக் குழாயில் தழும்பு விழுந்தால் சிறுநீர் நூல் மாதிரி மெலிந்து வரும். கதிரியக்கப் பொருளைச் சுரப்பிக்குள்ளேயே வைக்கும் பிராக்கிதெரபியில் இந்தச் சுருக்கம் கவனிக்க வேண்டிய பின்விளைவு. முன்பே புராஸ்டேட்டைச் சுரண்டி எடுத்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

ரத்தம் வந்தால் "இது பழைய கதிர்வீச்சின் வேலை" என்று தாமாகவே முடிவுகட்டக் கூடாது. கதிர்பட்ட சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சற்றே கூடுகிறது என்பதால் யூராலஜிஸ்ட் (சிறுநீரக வழி நோய் மருத்துவர்) சிஸ்டோஸ்கோப்பி செய்து, அதாவது மெல்லிய கேமராக் குழாயை விட்டு, உள்ளே பார்ப்பார். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் சொல்லிவிட வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது.

உறைந்த ரத்தத்தைக் கழுவி எடுப்பது, கசியும் குழாயை லேசரால் சுடுவது என்று மருத்துவம் படிப்படியாகப் போகும். மூலகாரணத்தைத் தொட முயல்வது உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை. வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில், அறைக்குள் இருந்தபடி தூய ஆக்சிஜனைச் சுமார் ஒன்றரை மணி நேரம் சுவாசிக்க வேண்டும். 30 முதல் 40 அமர்வுகள். பட்டினி கிடந்த திசுவில் புதிய நுண்குழாய்கள் முளைக்க இது தூண்டுகிறது. 2019-இல் வெளியான ஒரு நார்டிக் (வட ஐரோப்பிய நாடுகளின்) ஆய்வில் நோயாளிகளின் தொல்லைகள் வழக்கமான பராமரிப்பைவிட நன்றாகக் குறைந்தன.

ரத்த ஓட்டம் இல்லாத இடத்தில் புண் ஆறாது. ஆகவே கதிர்பட்ட பையில் தேவையில்லாமல் சதைத்துண்டு எடுக்கவோ ஆழமாகச் சுடவோ மருத்துவர்கள் தயங்குவார்கள். அவசரப்பட்டால் ஆறாத ஓட்டையே மிஞ்சிவிடலாம்.