ஹை-ஃபை: ‘உயர் நம்பகத்தன்மை’ வேண்டாம்

‘உயர் நம்பகத்தன்மையில் 1920களின் நடன இசை’. பழைய அமெரிக்க எல்பி இசைத்தட்டு ஒன்றைப் பற்றிய தமிழ்க் குறிப்பில் இப்படி ஒரு வரி. இந்த ‘உயர் நம்பகத்தன்மை’ கண்ணில் படுவது முதல் தடவையாக இருந்தால் பேசாமல் விட்டிருப்பேன். பழைய ரேடியோ, ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் பற்றித் தமிழில் யார் எழுதினாலும் ‘ஹை-ஃபை’க்கு இப்போது இதுதான் வருகிறது.

‘ஹை ஃபிடலிட்டி’ என்பதன் சுருக்கம் ஹை-ஃபை. 1927இல் தான் உருவாக்கிய தொடர் இது என்று பிரிட்டன் பொறியாளர் ஹார்ட்லி பின்னாளில் எழுதினார். வேர், லத்தீன் ‘ஃபிடெஸ்’: நம்பிக்கை, விசுவாசம். அதிலிருந்து பிறந்த ஃபிடலிட்டி, ஒன்றுக்கு உண்மையாக இருப்பதைக் குறிக்கும். மூலத்துக்கு எவ்வளவு உண்மையாக இருக்கிறது இந்த ஒலி என்பதுதான் இங்கே கேள்வி.

நம்பகத்தன்மை என்பது வேறு. தமிழ்ப் பொறியியல் நூல்களில் அது ‘ரிலையபிலிட்டி’க்கு நிலைபெற்றுவிட்ட சொல். இன்றைக்கு ஓடிய மோட்டார் நாளைக்கும் ஓடுமா, பாலம் பாரத்தைத் தாங்குமா என்று கேட்கும் இடத்தில் அது கச்சிதமாகப் பொருந்தும். பத்து வருஷம் பழுதில்லாமல் ஓடும் மட்டமான ரேடியோவுக்கு நம்பகத்தன்மை உண்டு, ஃபிடலிட்டி கிடையாது. வாரம் ஒருமுறை வால்வு போகும் அருமையான ஆம்ப்ளிஃபையருக்கு ஃபிடலிட்டி உண்டு, நம்பகத்தன்மை கிடையாது. இரண்டையும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டால், இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டிய இடத்தில் என்ன செய்வது? அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்து, முன்னால் ‘உயர்’ சேர்த்துவிட்டால் மொழிபெயர்ப்பு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ‘உயர்தர ஒலி’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் சுலபமாகத் தப்பிக்கிறார்கள். எந்தத் தரம், எதை வைத்து அளந்த தரம் என்பதற்கு அதில் பதில் இல்லை.

மேலே சொன்ன எல்பியையே எடுத்துக்கொள்வோம். சார்ல்ஸ்டன் நடனம் 1923இல் பிராட்வே மேடையிலிருந்து நாடெங்கும் பரவியபோது, ஒலிப்பதிவுக் கூடத்தில் மைக் கிடையாது. வாத்தியக்காரர்கள் ஒரு பெரிய தகரக் கூம்பின் முன்னால் நெருக்கியடித்து நின்று வாசித்தார்கள். பெரிய டிரம்மை அடித்தால், தட்டில் ஒலித்தடத்தை வெட்டும் ஊசி எகிறும், அதனால் மரக்கட்டையைத் தட்டினார்கள். டபுள் பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் சரியாகப் பதியாது, அந்த இடத்தில் டியூபா ஊதினார்கள். தட்டில் விழுந்தது சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட ஒலிதான். மின்முறைப் பதிவு வந்தது 1925இல். 1950களின் பிற்பாதியில் அமெரிக்க இசைக்குழுத் தலைவர் ஈனக் லைட் போன்றவர்கள் அதே நடன இசையைப் புதிதாக வாசிக்கவைத்து, மைக்கும் டேப்பும் கொண்டு பதிந்து எல்பியாக வெளியிட்டார்கள். அட்டையில் ‘ஹை-ஃபை’ என்று போட்டதன் பொருள் இதுதான்: அன்று கூம்பு வாங்க மறுத்த டிரம்மும் பேஸும் இன்று கூடத்தில் ஒலித்தபடியே உங்கள் வீட்டிலும் ஒலிக்கும். அந்தத் தட்டு உண்மையாக இருப்பது 1950களின் கூடத்தில் எழுந்த ஒலிக்கு. 1920களின் கரகரத்த தட்டுக்கு இல்லை. ‘நம்பகத்தன்மை’ என்று எழுதினால், 1920களின் வாசிப்பை அப்படியே நம்பகமாகத் திருப்பித் தருகிறது என்றுதான் வாசகர் நினைப்பார். அர்த்தமே தலைகீழ்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘மெய்யொலி’ அழகான சொல். ஆனால் மொழியியலில் அது க், ங், ச் முதலான மெய்களின் ஒலி. ‘விசுவாச ஒலி’ என்றால் தேவாலய மணிதான் ஞாபகத்துக்கு வரும். என் தேர்வு ‘பிறழா ஒலி’. மூலத்திலிருந்து பிறழாதது என்ற கருத்து அதற்குள்ளேயே இருக்கிறது. மூல ஒலி உருத்திரிவதைச் சொல்லும் ‘டிஸ்டார்ஷ’னுக்கு ‘ஒலிப்பிறழ்வு’ என்று வைத்துக்கொண்டால் இரண்டும் ஜோடியாக நிற்கும். துளிக்கூடப் பிறழாத கருவி ஏது என்று கேட்கலாம், நியாயம்தான். ‘குறைபிறழ்வு ஒலி’ இன்னும் துல்லியம், ஆனால் வாயில் நுழையாது. ‘ஆளே ரொம்ப ஹை-ஃபை’ என்று பகட்டைச் சொல்லும் பேச்சு வழக்கில் நான் கை வைக்கவில்லை. ஒலியோடு அதற்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்புறம் வைஃபை. அது 1999இல் ஹை-ஃபையின் ஓசையைப் பார்த்து வைத்த வணிகப் பெயர். அதிலுள்ள ‘ஃபை’க்குத் தனியாகப் பொருள் கிடையாது, அதனால் அங்கேயும் போய் நம்பகத்தைத் தேட வேண்டாம். அதற்குத் தமிழில் ‘அருகலை’ என்று பெயர் வைத்தவர் எழுத்தைப் பார்க்காமல் பொருளைப் பார்த்திருக்கிறார்.