உங்களுக்குப் பிடித்த ஹீரோவை மேஜைக்குக் கூட்டி வரும்முன்

டேபிள்டாப் ரோல்பிளேயிங் கேம்களை நடத்துவது எனக்குத் தொழில். மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசியும் பகடை உருட்டியும் ஒரு கதையை ஆடும் ஆட்டங்கள் இவை. புதிதாகச் சேருபவரிடம் "உங்கள் கேரக்டர் யார்?" என்று கேட்டால், பாதிப் பேர் ஒரு சினிமா நாயகன் பெயரையோ அனிமே பெயரையோ சொல்வார்கள். அதில் தப்பே இல்லை. சிக்கல் தலைகாட்டுவது இரண்டு மூன்று செஷன், அதாவது ஆட்ட அமர்வு, கழிந்த பிறகு.

ஒருமுறை ஒருவர், யாரையும் நம்பாத, வாயே திறக்காத, தனியாகத் திரியும் கொலையாளி ஒருவனைக் கொண்டுவந்தார். திரையில் அப்படி ஒருவன் வந்தால் கண் இமைக்காமல் பார்ப்போம். கேமரா அவன் பின்னாலேயே போகும். அவன் சொல்லாததை க்ளோசப் சொல்லும், மிச்சத்தைப் பின்னணி இசை சொல்லும். மேஜையில் இவை எதுவும் கிடையாது. ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்து வாயால் ஆடும் ஆட்டம் இது. மற்ற நால்வரும் விடுதியில் கூடித் திட்டம் போட்டார்கள், இவர் கூரைமேல் நின்றார். அடுத்த செஷனிலும் கூரைதான். அதற்கடுத்ததிலும் கூரைதான். நானும் பேசாமல் இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் ஒருநாள் தனியாகக் கேட்டேன்: "அந்தப் பாத்திரத்தில் உங்களுக்கு எது பிடித்தது?" கத்தியோ கறுப்பு உடையோ என்று சொல்வார் என நினைத்தேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அவனுக்கு ஒருத்தர்மேல் பாசம், ஆனால் கொன்றாலும் ஒத்துக்கொள்ள மாட்டான்" என்றார். அவ்வளவுதான், எங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. கொலையாளியை விட்டுவிட்டோம். காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொண்டே எல்லோரையும் திட்டித் தீர்க்கும் ஒரு கிழட்டுப் படை வைத்தியர் பிறந்தார். திட்டுவதற்காவது அவர் வாயைத் திறந்தாக வேண்டுமே! அதற்கப்புறம் அந்த மேஜையில் அதிகம் பேசியது அவர்தான்.

இன்று யார் வந்தாலும் இதே கேள்விதான். பெயர், உடை, ஆயுதம் ஆகியவற்றை விட்டுவிட்டு, அந்த ஆளுக்கு என்ன வேண்டும், எதற்குப் பயப்படுகிறான், யாருக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பதை மட்டும் எடுக்கச் சொல்வேன். பிறகு வயதையும் தொழிலையும் மாற்றிவிட்டால், எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் பிடிபடாது.

இன்னொரு வம்பும் உண்டு. நமக்குப் பிடித்த ஹீரோ நூறு போர் பார்த்தவர். இவ்வகை ஆட்டங்களில் பேர்பெற்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில், அப்போதுதான் தொடங்கும் முதல் நிலை மந்திரவாதிக்கு உயிர்ப்புள்ளிகள் (எவ்வளவு அடி தாங்குவார் என்ற கணக்கு) 6, உடல்திறனைப் பொறுத்து அதோடு ஒன்றிரண்டு கூடும். காப்ளின் என்ற சாதாரணக் குட்டிப் பூதம் இரண்டு முறை வெட்டினால் கதை முடிந்துவிடலாம். முன்கதையில் மாவீரன், பகடையில் பச்சிளங்குழந்தை என்றால் ஆடுபவருக்கே வெறுத்துப்போகும். படத்தின் முதல் காட்சிக்குப் பத்து வருடம் முன்பு அந்த ஆள் எப்படி இருந்திருப்பார் என்று யோசியுங்கள். இல்லாவிட்டால், படத்தில் இரண்டே காட்சியில் வந்துபோன துணைப் பாத்திரத்தைப் பிடியுங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கடன் வாங்குவதற்கு வெட்கப்பட வேண்டாம். இந்தப் பொழுதுபோக்கே அப்படித்தான் வளர்ந்தது. 1974-இல் டேவ் ஆர்னெசனோடு சேர்ந்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், ஆட்டத்தை நடத்துபவருக்காக 1979-இல் வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலின் பின்னிணைப்பில் தனக்கு உந்துதல் தந்த கதைகளைப் பட்டியலே போட்டிருக்கிறார். இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும் ரஸ்ட் மான்ஸ்டரும், ஆந்தைத் தலைக் கரடியான அவுல்பேரும் மலிவான பிளாஸ்டிக் பொம்மைகளைப் பார்த்துப் பிறந்தவை. கண்ணில் பட்டதெல்லாம் சரக்குதான்.

சாகசத்தை எழுதி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்களுக்கு ஒரே எச்சரிக்கை: முடிவைக் கடன் வாங்காதீர்கள். ஜப்பானிய இயக்குநர் குரோசவாவின் 'செவன் சாமுராய்' படம் 1954-இல் வந்தது; 1960-இல் அதே கதை கௌபாய்த் தொப்பி மாட்டிக்கொண்டு ஹாலிவுட்டில் திரும்ப வந்தது. கொள்ளையருக்குப் பயந்த ஒரு கிராமம் கூலிக்குப் போர்வீரர்களைத் தேடுகிறது என்ற முடிச்சு எந்த ஊருக்கும் பொருந்தும் என்பதுதான் காரணம். நானும் அதை எடுத்தேன். என் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் ஒரு மணி நேரத்திலேயே கொள்ளையர் தலைவனோடு பேரம் பேசி, அவன் கூட்டத்திலேயே சேர்ந்துவிட்டார்கள். இறுதிச் சண்டைக்கு வரைந்து வைத்திருந்த வரைபடம் அப்படியே பையில் இருக்கிறது. இப்போதெல்லாம் யாருக்கு என்ன வேண்டும், யாரும் தலையிடாவிட்டால் அடுத்த வாரம் என்ன ஆகும் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு போகிறேன். கதை எங்கிருந்து வந்தது என்று யாராவது கண்டுபிடித்தால் கண்டுபிடிக்கட்டும். அவர்கள் எதிர்பார்ப்பதில் ஒன்றை மட்டும் பொய்யாக்கினால் போதும். கிராமத்தார் எதையோ மறைக்கிறார்கள் என்று வைத்துப் பாருங்கள்.

இருண்ட சீரியல்களிலிருந்து எடுக்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். திரையில் சித்திரவதை வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், நிறுத்தியும் விடலாம். மேஜையில் அதே காட்சி உங்கள் கேரக்டருக்கே நடக்கிறது, எதிரில் இருப்பவர் உங்களைப் பார்த்தே அதை விவரிக்கிறார். இந்த வித்தியாசம் அனுபவப்பட்டவர்களுக்கே மறந்துபோகிறது. அதனால் ஆட்டம் தொடங்கும் முன் செஷன் ஜீரோ என்று ஒரு பேச்சு அமர்வு வைத்து, எது வரவே கூடாது, எது திரைமறைவில் நடந்தால் போதும் என்று பேசிவிடுங்கள். மேஜை நடுவில் ஓர் எக்ஸ் கார்டும், அதாவது எக்ஸ் என்று எழுதிய அட்டையும், இருக்கட்டும். அதை ஒருவர் தொட்டால் அந்த விஷயத்தை விட்டு நகர வேண்டும். காரணம் கேட்கக் கூடாது.

நண்பர்களுக்குள் ஆடும்வரை பெயரை அப்படியே வைத்துக்கொண்டாலும் பெரிதாக எதுவும் இல்லை. எழுதி விற்பதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸிலேயே முதல் அச்சுகளில் டோல்கீன் கதைகளில் வரும் குள்ள மனிதர்களின் பெயரான 'ஹாபிட்' என்று இருந்தது, உரிமைதாரர்கள் ஆட்சேபித்த பிறகு 'ஹாஃப்லிங்' ஆனது.

அந்த வைத்தியர் கதைக்கு வருகிறேன். பல மாதம் ஓடிய அந்த ஆட்டத்தின் கடைசி இரவில், அவர் யாரை வைத்துப் பிறந்தவர் என்று அந்த ஆட்டக்காரர் சொன்னார். ஒருவரும் நம்பவில்லை. "அப்போ அந்தக் கூரைமேல் நின்றவன் யார்?" என்றார் ஒருவர்.