ஸ்விங் என்றால் ஊசலா?

ஜாஸ் பற்றித் தமிழில் எதைப் படித்தாலும் ஸ்விங் என்பதற்கு 'ஊசல் தாளம்' வந்து நிற்கிறது. அண்மையில் பார்த்த ஓர் ஆவணப்படத்தின் தமிழ் சப்டைட்டிலில் 'அவருடைய டிரம்ஸ் நன்றாக ஊசலாடுகிறது' என்றே போட்டிருந்தார்கள். பாராட்டுகிறார்களா, ஸ்டாண்டின் திருகு கழன்றுவிட்டதா?

ஸ்விங் என்ற சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அடித்தல், விளாசுதல் என்றுதான் பொருள். தொங்கி ஆடுவது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. ஜாஸில் அது தாளத்தின் ஒரு குணத்துக்குப் பெயர். ஸ்விங் இல்லாத பாட்டு பாட்டே இல்லை என்ற பொருளில் தலைப்பிட்டு ஜாஸ் இசையமைப்பாளர் டியூக் எலிங்டனின் குழு 1932இல் பதிவு செய்த பாடல் அந்தச் சொல்லை ஊரறியச் செய்தது.

அந்தக் குணம் என்ன என்பதைக் காதால்தான் பிடிக்க வேண்டும். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு ஆல்பமான 'கைண்ட் ஆஃப் புளூ'வில் டிரம்மர் ஜிம்மி காபின் வலதுகையை மட்டும் கவனியுங்கள். ரைடு சிம்பல் என்ற பெரிய உலோகத் தட்டில் 'டிங், டிங்-க-டிங், டிங்-க-டிங்' என்று போய்க்கொண்டே இருக்கும். நடுவில் வரும் அந்தச் சின்ன 'க' இரண்டு அடிகளுக்குச் சரிபாதியில் விழுவதில்லை. கொஞ்சம் தாமதித்து, அடுத்த 'டிங்'கை ஒட்டி விழுகிறது. முன்பாதி நெடில், பின்பாதி குறில். ஹை-ஹாட் என்ற ஜோடித் தட்டுகளை மிதிக்கும் கால் 2, 4 எண்ணிக்கைகளில் 'ச்சிக்' என்று மூடி இதற்கு முட்டுக் கொடுக்கிறது. தாளத்தைச் சுமக்கும் வேலையைக் காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மிலிருந்து இந்த ரைடு சிம்பலுக்கு மாற்றியவர்களில் முதன்மையானவர் டிரம்மர் கென்னி கிளார்க். அதன் பிறகுதான் பேஸ் டிரம் எதிர்பாராத இடத்தில் வெடிக்கும் சுதந்திரம் பெற்றது.

இப்போது ஊசலுக்கு வருவோம். ஊசல் குண்டு அந்தப் பக்கம் போகும் நேரமும் இந்தப் பக்கம் வரும் நேரமும் ஒன்று. அதாவது ஸ்விங்குக்கு நேர் எதிர்! அகராதியில் முதல் பொருளை எடுத்து ஒட்டியவர் ஒரு ஜாஸ் இசைத்தட்டையாவது கேட்டிருந்தால் இந்தச் சொல்லை எழுதியிருக்க மாட்டார். போதாக்குறைக்கு, ஊசல் என்றாலே பாதிப் பேருக்கு ஊசிப்போன சாம்பார்தான் நினைவுக்கு வரும்.

'அது நம்ம திஸ்ர நடைதானே' என்பார்கள் கச்சேரி ரசிகர்கள். பக்கத்தில் வருகிறார்கள், ஆனால் சரியில்லை. திஸ்ரத்தில் ஒவ்வொரு அடியும் மூன்று சமபாகம், மூன்று என்றால் மூன்றுதான். ஸ்விங்கில் வேகம் குறைந்தால் முன்பாதி இன்னும் நீளும், வேகம் ஏறினால் இரண்டு பாதியும் ஏறக்குறைய சமமாகிவிடும். டிரம்மருக்கு டிரம்மரும் மாறும். எல்வின் ஜோன்ஸின் நெளிவு வேறு, டோனி வில்லியம்ஸின் கூர்மை வேறு.

தூங்கல் என்று சொல்லலாமே என்று தோன்றும். வஞ்சிப்பாவுக்குத் தூங்கலோசை என்று இலக்கணமே உண்டு, தூங்குதல் என்றால் தொங்கி ஆடுதல்தான். ஆனால் 'டிரம்மர் ஆர்ட் பிளேக்கி தூங்கினார்' என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

என் தேர்வு கலிப்பாவிலிருந்து: துள்ளல். கன்று துள்ளுவதுபோல இடையிடையே உயர்ந்து வரும் ஓசை என்று உரைகாரர்கள் விளக்குவார்கள். அந்த 'க' செய்வதும் அதுவே. சினிமா விமர்சனங்களில் 'துள்ளலிசை' குத்துப்பாட்டுக்குப் போய்விட்டது, மெதுவான பாட்டுக்குப் பொருந்தாதே என்று கேட்கலாம். நியாயம்தான். அதனால்தான் 'துள்ளல் நடை' என்கிறேன். நடை சேர்ந்ததும் வேகம் போய்விடுகிறது, அசைவு மட்டும் நிற்கிறது.

அப்புறம் இந்த 'முரசு', 'தூரிகை' விவகாரம். மெதுவான பேலட் பாட்டில் கம்பி பிரஷ்ஷால் ஸ்நேர் டிரம்மின் தோலை 'ஸ்ஸ்' என்று தேய்க்கும் மனிதரைப் பற்றி 'தூரிகையால் முரசறைந்தார்' என்று எழுதுகிறார்கள். படம் வரைந்தாரா, போர் தொடங்கினாரா? டிரம்ஸ், பிரஷ் என்றே எழுதுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

1930களின் நடன இசைக் காலத்துக்கு மட்டும் துள்ளலும் வேண்டாம். அது ஒரு காலத்தின் பெயர், ஸ்விங் காலம் என்றே இருக்கட்டும்.