மனசுக்கு மாத்திரை: தொடங்குவது டாக்டர், நிறுத்துவது யார்?

கோத்தகிரிப் பக்கம், தேயிலைக் கொழுந்து எடை போட்டு முடிந்த சாயங்கால நேரத்தில், மெடிக்கல் வாசலில் கொஞ்சம் நின்று பார்த்தால் ஒன்று கண்ணில் படும். சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர் சீட்டை நீட்டுகிறார். தூக்க மாத்திரை வாங்க வருபவர் காலி அட்டையை நீட்டுகிறார். பெயர் தெரிகிற மூலையை மட்டும் கத்தரித்து, மடித்து, பர்சுக்குள் வைத்திருந்த அட்டை. "இதே மாதிரி பத்து குடுங்கண்ணா." எழுதிக் கொடுத்த டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போயிருப்பார். எதற்காக எழுதினார் என்பதே சிலருக்கு மறந்திருக்கும்.

சட்டத்தைக் கேட்டால் கறாராகத்தான் இருக்கிறது. 2014 முதல் நடப்பில் உள்ள மருந்து விதிகளின் ஹெச்1 அட்டவணைப்படி அல்பிரசோலம், டயஜெபாம் போன்ற தூக்க மாத்திரைகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யார் எழுதினார், யார் வாங்கினார், எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அட்டையைப் பார்த்ததும் திருப்பி அனுப்புகிற கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஆனால் எந்தக் கடையில் கிடைக்கும் என்பது வாங்குபவருக்குத் தெரியும்.

மனநலத்துக்கு மாத்திரையை அளவுக்கு மீறி நம்பத் தொடங்கிவிட்டோமா என்ற விவாதம் மேலைநாடுகளில் பல வருடமாக ஓடுகிறது. இங்கிலாந்தில் மட்டும் வருடத்துக்கு 80 லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு மனச்சோர்வு மருந்து எழுதித் தரப்படுகிறது. அந்தக் கேள்வியை அப்படியே தூக்கிக்கொண்டு நீலகிரிக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16ல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சையே கிடைக்காதவர்கள், நோயைப் பொறுத்து, 70 முதல் 92 சதவீதம். அப்படியானால் நமக்கு மாத்திரை அதிகமா, குறைவா? இரண்டும் ஒரே தெருவில் நடக்கிறது என்பேன். காதில் யாரோ பேசுகிறார்கள் என்று சொல்லும் பையனை மந்திரிக்க அழைத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். பக்கத்து லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) அம்மா, வீட்டுக்காரர் தினமும் குடித்துவிட்டு வருவதால் தூக்கம் கெட்டு, வருடக்கணக்காக மாத்திரை போட்டுக்கொண்டிருப்பார். குடிப்பது ஒருவர், மாத்திரை விழுங்குவது இன்னொருவர்.

இந்த மருந்துகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், கதையின் ஒரு நுனி நம் நீலகிரியின் நடுவட்டத்தில் கிடக்கிறது. 1860களில் அங்கே சீனக் கைதிகளை வைத்து வேலை வாங்கி சிங்கோனா மரம் பயிரிட்டார்கள். அதன் பட்டையிலிருந்து மலேரியாவுக்குக் கொயினா மருந்து எடுப்பதுதான் நோக்கம். மரத்தை நம்பியே எத்தனை நாள் இருப்பது என்று ஐரோப்பாவில் மாற்று தேடினார்கள். 1891ல் பால் எர்லிக் மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மலேரியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். அந்தச் சாயத்தின் அடிக்கூடு பினோதையசின் என்ற வேதிப்பொருள். இரண்டாம் உலகப் போரில், கொயினா பெருமளவு வந்துகொண்டிருந்த ஜாவா ஜப்பான் கைக்குப் போய்க் கொயினாவுக்குத் தட்டுப்பாடு வந்ததும், பினோதையசினை வைத்து மறுபடி மலேரியா மருந்து தேடினார்கள். மலேரியாவுக்கு அது ஆகவில்லை, ஒவ்வாமைக்கு ஆயிற்று. அந்த வரிசையில் 1950 டிசம்பரில் பிரான்ஸில் உருவானது குளோர்புரோமசின். 1952ல் பாரிஸில் அதை மனநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, கட்டிப்போட வேண்டியிருந்தவர்கள் உட்கார்ந்து பேசினார்கள். இல்லாத குரல் காதில் கேட்கிற மனச்சிதைவு நோய்க்குக் கிடைத்த முதல் உருப்படியான மருந்து அதுதான். அதே 1952ல் நியூயார்க்கில் காசநோய்க்காகக் கொடுத்த இப்ரோனியாசிட், நோயாளிகளை அளவுக்கு மீறி உற்சாகப்படுத்தியது. மனச்சோர்வு மருந்துகளின் கதை அங்கே தொடங்குகிறது.

மருந்து தற்செயலாக முதலில் வந்தது. விளக்கத்தைப் பின்னால் தேடினார்கள். இந்த வரிசையை மறந்துவிட்டால் குழப்பம் வரும். மருந்து மூளையில் சேதி கடத்தும் செரட்டோனின் என்ற வேதிப்பொருளைக் கூட்டுகிறது, மருந்தால் சிலர் குணமடைகிறார்கள், ஆகவே மனச்சோர்வு என்றாலே செரட்டோனின் குறைபாடு என்று தலைகீழாக ஒரு கணக்குப் போட்டார்கள். 1987ல் அமெரிக்காவில் ஃப்ளூவாக்சிடின் என்ற மனச்சோர்வு மருந்துக்கு அனுமதி கிடைத்த பிறகு அந்தக் கணக்கு விளம்பரமாகவே ஊர் சுற்றியது. அதுவரை நடந்த ஆய்வுகளை 2022ல் மொத்தமாகத் திரட்டிப் பார்த்தவர்கள், அப்படி ஒரு குறைபாடு இருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றார்கள். உடனே "அப்போ மாத்திரையே ஏமாற்று" என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அதுவும் தப்பு. காரணம் பற்றிய விளக்கம் பிசகினால் பலனும் பொய் என்று ஆகிவிடாது.

சரி, மனச்சோர்வு மாத்திரை உள்ளே போய் என்னதான் செய்கிறது? ஒரு நரம்புச் செல் அடுத்த செல்லுக்குச் சேதி சொல்ல, நடுவில் உள்ள சின்ன இடைவெளியில் செரட்டோனினை விடுகிறது. சேதி போனதும் அதை உறிஞ்சித் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ள ஒரு புரதம் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் அந்தப் புரதத்தை அடைத்துவிடுகின்றன. செரட்டோனின் இடைவெளியில் கூடுதல் நேரம் தங்குகிறது. இது சில மணி நேரத்திலேயே நடந்துவிடும். மனசு தெளிய மட்டும் இரண்டு, நாலு, சில நேரம் ஆறு வாரம் ஆகிறது.

அந்த இடைப்பட்ட வாரங்கள்தான் சுவாரஸ்யமானவை. கூடுதல் செரட்டோனினைக் கண்டு மூளை முதலில் தன் உற்பத்தியைக் குறைக்கிறது. பிறகு அந்தத் தடுப்பு மெல்லத் தளர்கிறது. நரம்பு இணைப்புகள் புதிதாக உருவாகவும் மாறவும் இடம் கிடைக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் கேத்தரின் ஹார்மர் குழுவினர் கண்டது இன்னும் நுட்பமானது: "நல்லா இருக்கு" என்று நோயாளி சொல்வதற்கு முன்பே, அடுத்தவர் முகத்தை அவர் படிக்கும் விதம் மாறிவிடுகிறது. சாதாரண முகத்தில் வெறுப்பைத் தேடுவது குறைகிறது. மாத்திரை சந்தோஷத்தை ஊட்டுவதில்லை, உலகத்தைப் பார்க்கும் கோணத்தை லேசாகத் திருப்பி வைக்கிறது. திரும்பிய பார்வைக்கு எதிரே நல்லது ஏதாவது இருந்தாக வேண்டும். வீட்டில் அதே அடியும் அதே கடனும் இருந்தால், திரும்பிப் பார்த்தும் பயனில்லை.

பலன் எவ்வளவு? 2018ல் 522 சோதனைகளை, சுமார் 1,16,000 பேரை, ஒன்றாகத் திரட்டிப் பார்த்த ஆய்வில் 21 மனச்சோர்வு மருந்துகளும், மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிட மேல் என்று வந்தது. ஆனால் வித்தியாசம் சராசரியாகச் சுமார்தான். நோய் கடுமையாக இருக்கிறவர்களிடம் பலன் கூடுதலாகத் தெரிகிறது. லேசான சோர்வுக்கு எடுத்த எடுப்பில் மாத்திரை வேண்டாம் என்று இங்கிலாந்தின் 2022 சிகிச்சை வழிகாட்டி சொல்வது இதனால்தான்.

தூக்க மாத்திரை வேறு சாதி. இரண்டையும் சேர்த்து "மன மாத்திரை" என்று திட்டுவதால்தான் பாதிக் குழப்பம். அல்பிரசோலமும் டயஜெபாமும் மூளையில் காபா என்ற தடுப்புச் சேதியை உரக்கச் சொல்ல வைக்கின்றன. முதல் நாள் ராத்திரியே கண் சொருகும். அதுதான் அதன் கவர்ச்சி. சில வாரங்களில் மூளை பழகிவிடும். அதே அளவுக்கு அதே தூக்கம் வராது. ஒரு நாள் போடாவிட்டால் படபடப்பும் தூக்கமின்மையும் முன்பைவிட மோசமாகத் திரும்பும். "பாத்தீங்களா, மாத்திரை இல்லாம என்னால முடியலை" என்பார் அவர். அவர் படும் பாட்டில் பெரும்பங்கு மாத்திரையே உண்டாக்கியது. நீண்ட நாள் போட்டதைத் திடீரென நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். இரண்டு முதல் நாலு வாரத்துக்கு மேல் வேண்டாம் என்று பிரிட்டன் 1988லேயே டாக்டர்களை எச்சரித்தது. வயதானவர்களுக்குத் தடுமாற்றமும் விழுவதும் வேறு. நனைந்த படிக்கட்டும் சரிவுமாக உள்ள ஊரில் இடுப்பெலும்பு முறிய வேறு காரணம் தேவையில்லை.

இனி நிறுத்துவது. மனச்சோர்வு மருந்தைப் பாதி, பிறகு கால், பிறகு ஒன்றுமில்லை என்று குறைத்துக்கொண்டே வருபவர்களில் பலர் முதல் பாதியில் எதையும் உணர்வதில்லை; கடைசிக் காலில் மாட்டிக்கொள்கிறார்கள். கூடலூரிலிருந்து ஊட்டிக்கு வரும் காலை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஏறுபவர்கள் சீட்டைப் பிடிப்பார்கள், பின்னால் வருபவர்கள் நிற்பார்கள். நிற்பவர்களில் எத்தனை பேரை இறக்கிவிட்டாலும் சீட்டு காலியாகாது. செரட்டோனினை உறிஞ்சும் புரதங்கள்தான் சீட்டு, மருந்துதான் பயணி. சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மருந்து 20 மில்லிகிராம் அவற்றில் ஏறக்குறைய 80 சதவீதத்தைப் பிடித்துவிடுகிறது. மூன்று மடங்காக 60 மில்லிகிராம் கொடுத்தாலும் 88ஐத் தாண்டாது. பத்தாகக் குறைத்தாலும் 70க்குக் கீழே இறங்காது. ஐந்தில்கூட 60க்கு அருகில். அந்த ஐந்தைச் சட்டென நிறுத்தினால் 60லிருந்து பூஜ்யத்துக்கு ஒரே குதி. தலைசுற்றல், குமட்டல், தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு வெட்டு, காரணமில்லாத அழுகை. கடைசிப் படிகளைச் சின்னச் சின்னதாக, வாரங்களையும் மாதங்களையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும் என்று 2019ல் ஹோரோவிட்ஸ், டெய்லர் என்ற ஆய்வாளர்கள் எழுதியதற்கு இந்தக் கணக்குதான் அடிப்படை. பத்து பத்தாக வாங்கும் அட்டையை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. கூட ஒரு டாக்டர் இருக்க வேண்டும்.

நிறுத்தலாம் என்று படித்ததும் எல்லோரும் கிளம்பிவிடக் கூடாது. மனச்சிதைவு வேறு விஷயம். 65 சோதனைகளை 2012ல் சேர்த்துப் பார்த்தபோது, மருந்தைத் தொடர்ந்தவர்களில் ஒரு வருடத்தில் நோய் திரும்பியது 27 சதவீதம் பேருக்கு; நிறுத்தியவர்களில் 64. அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை நோய்க்கு லித்தியம் எடுப்பவரும் அப்படித்தான். இவர்களிடம் போய் "ஏன் இத்தனை மாத்திரை, யோகா பண்ணக்கூடாதா" என்று கேட்கிற சொந்தக்காரர் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். அவரைத் தள்ளி நிற்கச் சொல்லலாம்.

சோர்வுக்கு எல்லாரும் இங்கே பனிமூட்டத்தைக் குறை சொல்வார்கள். 11 டிகிரி அட்சத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். வடதுருவத்துப் பக்கத்து நாடுகளில் பகல் சுருங்குவதால் வரும் குளிர்காலச் சோர்வை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. அதைவிடத் தைராய்டைப் பாருங்கள். தைராய்டு குறைந்தால் வரும் அசதி, மந்தம், அழுகை எல்லாம் மனச்சோர்வு வேஷம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். ரத்தசோகையும் அதே மாதிரி ஏமாற்றும்.

மாத்திரை அல்லாத வழி பணக்காரர்களுக்கு மட்டும் என்பது பழைய நினைப்பு. கோவாவில் மனநலப் படிப்பு எதுவும் இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்திலும் வீட்டிலும் ஆறு முதல் எட்டு முறை பேச வைத்தார்கள். கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களிடம். பேச்சு என்றால் அறிவுரை இல்லை: விட்டுப்போன வேலைகளில் ஒன்றை இந்த வாரம் எடுப்பது, செய்தபின் மனசு எப்படி இருந்தது என்று குறிப்பது, தடையாக நிற்பதை ஒவ்வொன்றாக அவிழ்ப்பது. 2017ல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் நோய் விலகியவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 39. தோட்டத்து லைன்களிலும் ஹட்டிகளிலும் (படுகர் ஊர்கள்) இதைச் செய்ய ஆள் இல்லாமல் இல்லை. சம்பளம் போட்டு அந்த வேலையைக் கொடுப்பதற்குத்தான் யாரும் முன்வரவில்லை.

மனச்சோர்வு மருந்தை நீண்ட காலம் எடுத்து, நன்றாக இருப்பதாக உணர்ந்தவர்களை வைத்து இங்கிலாந்தில் ஒரு சோதனை செய்து 2021ல் வெளியிட்டார்கள். ஒரு வருடத்தில், மருந்தை விட்டவர்களில் 56 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களிலும் 39 சதவீதம் பேருக்குத் திரும்பியது. விட்டவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு நோய் திரும்பவில்லை. யார் அந்த 44 என்று முன்கூட்டிச் சொல்லத் தெரியாது என்பதால், குறைப்பதையும் ஒரு சிகிச்சையாகவே நடத்த வேண்டும். கொழுந்து விலை சரிந்த மாதத்திலோ, வீட்டில் கல்யாணம் நிச்சயமான வாரத்திலோ தொடங்கக் கூடாது. வீட்டில் ஒருவருக்காவது சொல்லி வைக்க வேண்டும். குறைத்த சில நாளுக்குள் தலைசுற்றலும் கரண்ட் வெட்டும் வந்தால் அது மருந்து விடுவதன் தொல்லை. பழைய அளவுக்குப் போனால் சீக்கிரமே அடங்கும். வாரங்கள் கழித்து, பசி குறைந்து, குளிக்கத் தோன்றாமல், மெல்ல மெல்லப் பழைய இருட்டு ஏறினால் அது நோய் திரும்புவது. இந்த இரண்டாவது வகை என்று தோன்றினால் டாக்டரைப் பார்க்கத் தாமதிக்கக் கூடாது. மலையிறங்கிப் போக பஸ் இல்லாத ராத்திரியில் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். மறுநாள் டாக்டரைப் பார்க்கும்போது, எந்தத் தேதியில் எவ்வளவு குறைத்தோம் என்று எழுதிய தாளையும் கையோடு கொண்டு போங்கள்.