பேக்கப் இருக்கிறது, சரி. திரும்பி வருமா?

சிறிய அலுவலகங்களின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புதிதாக ஓர் இடத்துக்குப் போனால் "பேக்கப் எடுக்கிறீர்களா?" என்று நான் கேட்பதில்லை. எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "கடைசியாக எப்போது பேக்கப்பிலிருந்து ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்துப் பார்த்தீர்கள்?" என்று கேட்பேன். உரிமையாளர் கணக்காளரைப் பார்ப்பார். கணக்காளர் ஜன்னலைப் பார்ப்பார்.

ஒருநாள் காலை ஒருவர் போன் செய்தார். எல்லா ஃபைல்களின் பெயருக்குப் பின்னாலும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன, ஒவ்வொரு போல்டரிலும் பணம் கேட்டு ஒரு குறிப்பு. ரான்சம்வேர், அதாவது ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீநிரல். ஆனாலும் அவர் குரலில் பதற்றமில்லை. "தினமும் பேக்கப் ஓடுது சார், நீங்க வந்து போட்டுக் கொடுத்தா போதும்" என்றார். பேக்கப் ஓடியது உண்மைதான். அதே கணினியில் இரண்டு வருடமாகக் கழற்றாமல் செருகியிருந்த ஹார்ட் டிஸ்க்கில் ஓடியது. எது அசல், எது நகல் என்றெல்லாம் ரான்சம்வேர் பார்ப்பதில்லை. எழுத முடிகிற டிரைவ் எதுவானாலும் பூட்டிவிடும். போதாததற்கு விண்டோஸ் தானாக எடுத்து வைக்கும் பழைய பிரதிகளையும் பெரும்பாலான ரான்சம்வேர்கள் முதல் வேலையாக அழித்துவிடுகின்றன.

அவரைக் காப்பாற்றியது மேஜை இழுப்பறையில் கிடந்த ஒரு பென்டிரைவ். மூன்று மாதம் முன்பு ஆடிட்டருக்குக் கொடுப்பதற்காகக் கணக்குகளை அதில் நகலெடுத்து, அப்படியே மறந்திருக்கிறார்கள். மிச்ச மூன்று மாத பில்களைக் காகிதத்தைப் பார்த்து உட்கார்ந்து டைப் செய்தார்கள்.

பெரிய நிறுவனங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறது. 2017 ஜூன் 27 அன்று நாட்பெட்யா என்ற தீநிரல் பரவியபோது மெர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தின் உலகளாவிய நெட்வொர்க்கே விழுந்தது. யார் உள்ளே நுழையலாம் என்று தீர்மானிக்கும் டொமைன் கண்ட்ரோலர் சர்வர்கள் அங்கே ஏராளம். ஒன்று போனால் இன்னொன்று கைகொடுக்கும் என்பது கணக்கு. எல்லாம் ஒன்றாகப் போகும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. தப்பியது ஒன்றே ஒன்று, கானா அலுவலகத்தில் இருந்தது. அந்த நேரம் பார்த்து அங்கே கரண்ட் போயிருந்ததால் அது இணைப்பில் இல்லை! அதை வைத்துத்தான் மீட்புப் பணியை நடத்தினார்கள். சுமார் 10 நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவியதாக அதன் தலைவர் பிறகு சொன்னார்.

இழுப்பறைப் பென்டிரைவும் கானா சர்வரும் பிழைத்த காரணம் ஒன்றுதான்: அப்போது அவை எதனோடும் இணைந்திருக்கவில்லை. மூன்று பிரதி, இரண்டு வகை சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்று '3-2-1' விதி ஒன்று உண்டு. நல்ல விதி. ஆனால் சின்ன அலுவலகத்தில் மூன்றையும் ஒரே நாளில் எதிர்பார்த்தால் ஒன்றும் நடக்காது. அதனால் நான் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக இருப்பேன். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், வாரம் ஒன்றாக மாற்றுங்கள். நகலெடுத்து முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். ஒன்று அலுவலகத்தில் இருக்கும்போது மற்றது வேறு கட்டடத்தில் இருக்கட்டும். தீயும் தண்ணீரும் திருடனும்கூட ஹேக்கர் மாதிரிதான்.

"எங்களுக்கு எல்லாம் கிளவுடில் இருக்கிறது" என்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்றவை அடிப்படையில் செய்வது சிங்க், அதாவது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருப்பது. இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், இங்கே பூட்டினால் பூட்டிய ஃபைல்தான் மேலே போகும். பழைய பதிப்புகளைத் திரும்ப எடுக்கலாம்தான், ஆனால் சாதாரணத் திட்டங்களில் பெரும்பாலும் 30 நாள் வரைதான். வேலையை விட்டுப் போனவர் ஒரு போல்டரை அழித்துவிட்டுப் போய், நீங்கள் இரண்டு மாதம் கழித்துத் தேடினால் கிடைக்காது. 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்தின் கிளவுட் கணக்குக்குள் ஒருவன் நுழைந்தான். பேக்கப்பும் பெரும்பாலும் அதே கணக்கின் பிடியில்தான் இருந்தது. அசலோடு சேர்த்து அவற்றையும் அழித்துவிட்டான். நிறுவனமே மூடப்பட்டது. ஆகவே கிளவுடில் பேக்கப் வைத்தால் வேறு கணக்கு, வேறு பாஸ்வேர்டு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு மூன்றும் வேண்டும்.

இனி ரீஸ்டோர், அதாவது பேக்கப்பிலிருந்து திரும்ப எடுப்பது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்து வைக்க இடம் தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் வேறு சர்வர் என்று நினைத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸை அழித்துவிட்டார். திரும்ப எடுக்கப் போனால், வைத்திருந்த ஐந்து வழிகளில் எதுவும் சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வி என்று எச்சரிக்கும் மின்னஞ்சல்களும் யாரையும் எட்டவில்லை. ஆறு மணி நேரம் முன்பு வேறு காரணத்துக்காக ஒருவர் கையால் எடுத்த பிரதி இருந்ததால் பிழைத்தார்கள். இத்தனையையும் அவர்களே பகிரங்கமாக எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

நான் பார்க்கும் அலுவலகங்களில் காரணங்கள் இன்னும் எளிமையானவை. கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்தபடியே நகலெடுப்பார்கள். ஃபைல் இருக்கும், திறந்தால் பிழை காட்டும். இன்னோர் இடத்தில், வேலையை விட்டவரின் லாகினில் பேக்கப் அமைத்திருந்தார்கள். அந்த லாகினை நீக்கிய நாளோடு பேக்கப்பும் நின்றுபோனது, யாருக்கும் தெரியவில்லை. இதெல்லாம் போட்டுப் பார்த்தால்தான் வெளியே வரும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை வேறு கணினியில் திறந்து பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழுவதையும் ரீஸ்டோர் செய்யுங்கள், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. ஒரு மணி நேரம் என்று நினைத்தது இரண்டு நாள் ஆகும் என்று அப்போது தெரிந்துகொள்வது பரவாயில்லை.

அப்புறம், இவ்வளவும் சரியாக வைத்திருந்தவர்கள்கூடத் தவறும் இடம் ஒன்று உண்டு. பணம் கேட்கும் குறிப்பைப் பார்த்ததும் பதறிப்போய், பத்திரமாக வைத்திருந்த அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்து வந்து அதே கணினியில் செருகுவார்கள். அதுவும் போய்விடும். முதலில் நெட்வொர்க் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். புதிதாக விண்டோஸ் போட்ட சுத்தமான கணினியில் மட்டும் அந்த டிஸ்க்கைச் செருகுங்கள். பூட்டப்பட்ட ஃபைல்களையும் தூக்கி எறிய வேண்டாம், தனியாக ஒரு டிஸ்க்கில் போட்டு வையுங்கள். டச்சுக் காவல்துறையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் சில வகை ரான்சம்வேர்களுக்குத் திறவுகோல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்று இல்லாதது ஆறு மாதம் கழித்து வரலாம்.