முட்டி மாத்துற ஆபரேஷன்: முதல்வர் காப்பீட்டுல என்ன கிடைக்கும், எஸ்டிமேட்ல என்ன பாக்கணும்

போன மாசம் எங்கம்மாவ ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், முட்டி வலி. அஞ்சு நிமிஷம் பாத்தாங்க, எக்ஸ்ரே எடுத்தாங்க, ரெண்டு முட்டியும் மாத்தணும்னு சொல்லி ஒரு துண்டுச் சீட்டுல "பேக்கேஜ்"னு போட்டு ஒரே ஒரு தொகையை எழுதிக் குடுத்துட்டாங்க. எந்த கம்பெனி முட்டி, அதுக்கு எவ்ளோ, டாக்டருக்கு எவ்ளோ, ரூமுக்கு எவ்ளோ, ஒண்ணுமே இல்ல. அந்தச் சீட்டை வச்சுக்கிட்டு வீட்ல ரெண்டு நாள் சண்டை, நகையை வைக்கலாமா, அண்ணன்கிட்ட கேக்கலாமான்னு. அதுக்கப்புறம்தான் நிதானமா உக்காந்து விசாரிச்சேன், அதைத்தான் இங்க எழுதுறேன்.

முதல்ல நோயைப் பத்தி கொஞ்சம், ஏன்னா இது புரியாம காப்பீடு பத்திப் பேசி பிரயோஜனம் இல்ல. முட்டியில ரெண்டு எலும்பு முனையிலயும் வழுவழுன்னு ஒரு குருத்தெலும்பு மூடியிருக்கும், நம்ம ஆளுங்க ஜவ்வுன்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். வயசு, உடம்பு எடை, பழைய அடி, இப்படி பல காரணத்தால அது தேயுது. வயசானவங்கள்ல பொம்பளைங்களுக்குத்தான் இது ஜாஸ்தி. எக்ஸ்ரேல 1ல இருந்து 4 வரைக்கும் கிரேடு போடுவாங்க, 4ன்னா எலும்பும் எலும்பும் கிட்டத்தட்ட ஒட்டி நிக்குதுன்னு அர்த்தம். ஆனா எக்ஸ்ரேவுக்கும் வலிக்கும் எப்பவும் ஒத்துப்போகாது, கிரேடு 3 இருந்தும் சந்தைக்கு நடந்து போயிட்டு வர்றவங்க இருக்காங்க, கிரேடு 2லயே ராத்திரி தூங்காதவங்களும் இருக்காங்க. அதனால படத்தை மட்டும் பாத்து ஆபரேஷன் முடிவு பண்றது தப்பு. அந்த எக்ஸ்ரேயையும் நின்னுக்கிட்டு எடுக்கணும், படுக்க வச்சு எடுத்தா இடைவெளி எவ்ளோ குறைஞ்சிருக்குன்னு சரியா தெரியாது.

எங்கம்மாவுக்கு ரெண்டாவதா பெரியாஸ்பத்திரியில காட்டினப்போ கிரேடு 3ன்னு சொன்னாங்க, இப்போதைக்கு ஆபரேஷன் வேணாம், தொடை தசைக்கு எக்ஸர்சைஸ் பண்ணுங்க, எடையைக் குறைங்கன்னு அனுப்பிட்டாங்க. கேட்டப்போ ஏமாத்தமாத்தான் இருந்துச்சு, ஊசி மாத்திரைன்னு எதாவது குடுத்திருந்தா திருப்தியா இருந்திருக்கும்! ஆனா தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே இதுதான். உடம்புல 1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடி வைக்கும்போதும் முட்டி மேல விழற பாரம் 4 கிலோ கிட்ட குறையுது. நாற்காலியில உக்காந்து காலை நீட்டி தொடையை இறுக்கி பத்து எண்ணி விடறது, இதை தினமும் செஞ்சா போதும், ஜிம் எல்லாம் வேணாம். கைத்தடி வச்சா வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில பிடிக்கணும், பாதிப் பேர் வலிக்கிற பக்கத்துலயே பிடிக்கிறாங்க. வலிக்கு மொதல்ல மேல தடவுற டைக்ளோபினாக் ஜெல் பாக்கலாம். மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கி மாசக்கணக்கா முழுங்குற வலி மாத்திரை கிட்னியையும் வயித்தையும் பதம் பாத்துடும், அதுவும் சுகர், பிரஷர் இருக்கவங்க டாக்டரைக் கேக்காம தொடவே கூடாது. முட்டிக்குள்ள போடுற ஸ்டீராய்டு ஊசி சில வாரத்துக்கு வலியைக் குறைக்கும், அவ்ளோதான். குளுக்கோசமைன் மாத்திரை ஜவ்வை வளக்கும்னு விக்கிறாங்களே, அதுக்கு உருப்படியான ஆதாரம் கிடையாது, அந்தக் காசுக்கு நல்ல செருப்பு வாங்கலாம்.

இந்த எக்ஸர்சைஸ் சொல்லித்தர ஆள் எங்கன்னு கேட்டீங்கன்னா, மக்களைத் தேடி மருத்துவம். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்ச திட்டம். சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வர்றாங்கன்னுதான் எல்லாருக்கும் தெரியும், ஆனா பிசியோதெரபியும் இதுல உண்டு, நடக்க முடியாதவங்க வீட்டுக்கே வருவாங்க. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுத்து வைங்க. காசு கிடையாது.

சரி, எல்லாம் பண்ணியும் முடியல, ராத்திரியும் வலி, பாத்ரூம் போகவே ஆள் பிடிக்க வேண்டியிருக்குன்னா அப்போ முட்டி மாத்துறது நல்ல வைத்தியம்தான், பயப்பட வேண்டியதில்ல. மாத்துன முட்டியில பத்துல எட்டு 25 வருஷம் தாண்டியும் ஓடுதுன்னு கணக்கு இருக்கு. இதுக்குத்தான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2009ல கலைஞர் காப்பீடுன்னு வந்தது, 2012ல ஜெயலலிதா இருக்கும்போது இந்தப் பேர்ல மாறுச்சு, 2018ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டோட சேத்துட்டாங்க. இப்போ குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும். வருமான வரம்பு முன்னாடி 72,000ஆ இருந்தது, 2022 ஜனவரியில இருந்து வருஷத்துக்கு 1,20,000. முட்டி மாற்று, இடுப்பு மாற்று ரெண்டும் இதுல வருது. முகாம்ல இருக்கற இலங்கைத் தமிழர்களுக்கு வருமான வரம்பே இல்ல, இது நிறைய பேருக்குத் தெரியாது.

கார்டு போட என்ன வேணும்? ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று. வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி போட்டா விஏஓ, ஆர்ஐ பாத்து தாசில்தார் ஆபீஸ்ல இருந்து வரும். எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கற காப்பீட்டு கவுன்டருக்குப் போகணும், போட்டோ எடுத்துப் பதிவு பண்ணுவாங்க. இதுல மாட்டிக்கிற இடம் ஒண்ணே ஒண்ணுதான்: ரேஷன் கார்டுல பேர் இல்லன்னா காப்பீட்டுலயும் இல்ல. எங்க வீட்லயே அது நடந்துச்சு, அம்மா பேர் ஊர்ல பெரியப்பா வீட்டு கார்டுல கிடந்தது, அங்க நீக்கி இங்க சேத்து வர்றதுக்குள்ள ஒரு மாசம் ஓடிடுச்சு. முட்டி வலி ஒரு மாசம் பொறுக்கும், மாரடைப்பு பொறுக்குமா? அதனால யாருக்கும் ஒண்ணும் இல்லாதப்பவே கார்டை போட்டுருங்க. பழைய கார்டு பீரோவுல இருக்குன்னா அது இன்னும் செல்லுதான்னு திட்டத்தோட வெப்சைட்ல ரேஷன் கார்டு நம்பரைப் போட்டுப் பாக்கலாம், இல்லன்னா 1800 425 3993க்கு போன் பண்ணுங்க, இலவச நம்பர்.

அரசு ஊழியர், பென்ஷன்காரங்களுக்கு தனி காப்பீடு இருக்கு, இஎஸ்ஐ இருந்தா இஎஸ்ஐ ஆஸ்பத்திரி. வருமானம் கூட இருக்குன்னு வெளிய நிக்கற 70 வயசு தாண்டினவங்களுக்கு 2024 அக்டோபர் 29ல மத்திய அரசு ஆயுஷ்மான் வய வந்தனான்னு ஒரு காப்பீட்டு கார்டு கொண்டு வந்துச்சு, வருமானம் பாக்க மாட்டாங்க, ஆதார்ல இருக்கற வயசுதான் கணக்கு, அதைப் பத்தி 14555ல கேக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போனா நேரா டாக்டர் ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி காப்பீட்டு டெஸ்க்ல கேளுங்க, எலும்புப் பிரிவுக்கு திட்டத்துல அனுமதி இருக்கான்னு. ஆஸ்பத்திரி பேர் லிஸ்ட்ல இருந்தாலும் எல்லாப் பிரிவுக்கும் இருக்கும்னு இல்ல. அவங்கதான் எக்ஸ்ரே, டாக்டர் சீட்டு எல்லாம் ஆன்லைன்ல ஏத்தி முன் அனுமதி வாங்குவாங்க, அது வந்தப்புறம்தான் அட்மிஷன். அனுமதி வந்த ஆபரேஷனுக்கு உங்க கையில இருந்து பணம் கேக்கக் கூடாது, "இன்னும் நல்ல முட்டி போடுறோம், மேல கொஞ்சம் கட்டுங்க"ன்னு சொன்னா மேல சொன்ன 1800 425 3993லயே புகார் குடுக்கலாம்.

இப்போ அந்த துண்டுச் சீட்டுக்கு வர்றேன். காப்பீடே இல்லாம சொந்தக் காசுல பண்றவங்களுக்கும் ஒரு பாதுகாப்பு இருக்கு. 2017 ஆகஸ்ட் 16ல மருந்து விலை ஆணையம் முட்டி இம்ப்ளான்ட்டுக்கு, அதாவது உள்ள வைக்கிற செயற்கை முட்டிக்கு, உச்ச விலை வச்சுது. அதிகமா போடுற கோபால்ட் குரோமியம் முட்டி அதுவரைக்கும் 1,58,324 ரூபா வரைக்கும் வித்துச்சு, அதை 54,720 ஆக்குனாங்க. இந்த 54,720 எப்படின்னா தொடை எலும்புல மாட்டுற பாகம் 24,090, கீழ் எலும்புத் தட்டு 16,990, நடுவுல வர்ற பிளாஸ்டிக் 9,550, முட்டிச்சில்லு 4,090. டைட்டானியம் வகை 2,49,251ல இருந்து 76,600 ஆச்சு. இதுக்கு மேல ஜிஎஸ்டி வரும். இதெல்லாம் 2017 விலை, அப்புறம் உச்ச விலையை நீட்டிச்சுக்கிட்டே வந்திருக்காங்க, தொகை கொஞ்சம் ஏறி இறங்கும். டாக்டர் ஃபீஸ், ரூம் வாடகைக்கு இந்த உச்ச விலை கிடையாது, அங்கதான் பேக்கேஜ் ஊதிப்போகுது. ஆனா அதே உத்தரவுல இன்னொண்ணு இருக்கு: எஸ்டிமேட்லயும் பில்லுலயும் இம்ப்ளான்ட் விலையைத் தனியா, பிராண்டு பேர், கம்பெனி பேர், பேட்ச் நம்பரோட எழுதணும். கேட்டா குடுத்துத்தான் ஆகணும். சில்லு மாத்தாம விட்டா அந்த 4,090 பில்லுல வரக்கூடாது, அதையும் பாருங்க. கூட வாங்கினா புகாருக்கு 1800 111 255.

திரும்பப் போய் அந்தச் சீட்டைக் காட்டி இதையெல்லாம் தனித்தனியா எழுதிக் குடுங்கன்னு கேட்டேன். கவுன்டர்ல இருந்த பொண்ணு உள்ள போய்ட்டு வந்து "நாளைக்கு வாங்க சார்"னுச்சு. நாங்க போகல. அம்மா இப்போ காலையில டிவி முன்னாடி உக்காந்து காலை நீட்டி பத்து எண்ணுறாங்க, ஆறு, ஏழு வரும்போது வேணும்னே வேகமா எண்ணுறாங்க.